ஒன்பதாம் கிண்ணம்

காலை பதினோரு மணிக்கு வீட்டில் பீஸ் போய்விட்டது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அடுக்களையில் மிக்ஸியும் பாதிச் சட்னியோடு நின்றுபோக, "என்னங்க, பீஸ் போயிடுச்சி போலருக்குது, பாருங்க" என்றாள் மனைவி. அவள் பாருங்க என்றால், பார்த்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். நானே சரிசெய்வேன் என்று நம்பும் அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. இருந்தும் இன்று நாற்காலி போட்டு ஏறி, பலகையிலிருந்த வெள்ளைப் பீங்கான் கட்டையை நானே பிடுங்கினேன். கருகல் வாசனை அடித்தது. என்னையறியாமல் அதை இரண்டு விரலில் தொங்கவிட்டு, மறுகை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன்.

சத்தம் வந்தது. அது நல்ல சத்தமா, கீறல் விழுந்த சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருப்பாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருந்தவனுக்கு மடல் எதற்கு? ஊரில் எந்த வீட்டில் எந்த மருமகள் கோபித்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏறினாள் என்பதை, பஸ் வேப்பூர் தாண்டுவதற்குள் உன்னிடம் வந்து சொன்னவன் நான். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இசைப்பள்ளிதான் நம்மைச் சேர்த்துவைத்தது. பங்குக் கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு வேப்ப மரம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். காலையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டில் சினிமாப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், பல்வலிக்காரன் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டு. அவர் உயிர் சாயங்காலத் தாளக் குழுவில்தான் இருந்தது. அதில் பாட்டு கிடையாது, ராகம் கிடையாது. தட்டுவது மட்டும்தான். "இதையெல்லாம் எழுதினவங்க இன்னும் உயிரோட இருக்காங்க" என்று பெருமையாகச் சொல்வார். நம் ஊர்க்காரர்கள் கேட்ட பிறகும் இருப்பார்களா என்று நான் கேட்டேன். பாவம், அவரும் சிரித்தார். என் நகைச்சுவைக்கு முதல் பலி அவர். இரண்டாவது யார் என்று உனக்குத் தெரியும்.

பத்திர ஆபீசில் ரைட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஊரே கேட்டது. ஐந்து மணிக்கு ஆபீஸ் மூடிவிடும். ஐந்தரைக்கே வீட்டுக்குப் போனால் மனைவி பயந்துவிடுவாள். அதனால் போனேன். ஒரு மாதம் ஒவ்வொரு வாத்தியமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மாஸ்டர் கடைசியில் என்னைப் பெரிய முரசுக்கு அனுப்பினார். இருபது நிமிஷ உருப்படியில் மூன்றே அடி. மிச்ச நேரமெல்லாம் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இசை என்றால் எண்ணுவதுதான்.

அவர் எழுதிய புது உருப்படிக்குப் பீங்கான் கிண்ணங்கள் வேண்டும் என்று தொழிற்பேட்டைக்குக் கிளம்பினார். துணைக்கு நான். அங்கே ஒரு ஷெட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். வலப்பக்கம் மரத் தாங்கி, இடப்பக்கம் தகரத் தொட்டி. சூளையிலிருந்து வந்த கிண்ணத்தை இரண்டு விரலில் தொங்கவிடுவாய், புளியங்குச்சியால் ஒரே ஒரு தட்டு. நல்லது தாங்கிக்குப் போகும். கீறல் விழுந்தது தொட்டிக்கு. அதுவும் வைப்பதில்லை, ஓங்கிப் போட்டு உடைப்பாய். கண் வலப்பக்கம் இருக்கும்போதே கை இடப்பக்கம் உடைத்துக்கொண்டிருக்கும். எதற்கய்யா இவ்வளவு ஆத்திரம் என்று நான் கேட்டேன்.

"சும்மா வெச்சா யாராச்சும் எடுத்து நல்லதோட சேத்துருவாங்க ரைட்டரே. கெட்டதுன்னு காதுல உழுந்துச்சின்னா அங்கியே ஒடைச்சிரணும்."

"தப்பா நல்லத ஒடைச்சிட்டா?"

நீ குச்சியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாய். பெருமைக்காக யோசிக்கவில்லை, நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தாய். "இருவது வருஷத்துல அது மட்டும் நடக்கல" என்றாய்.

உனக்கு வேறு சொத்து இல்லை. வீடு அண்ணன் பெயரில், நிலம் தம்பி பெயரில். அந்தப் பாகப் பத்திரத்தை எழுதியவனே நான்தான். உன் பெயரில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்.

பதினேழு கிண்ணம், சத்தம் படிப்படியாக ஏற வேண்டும் என்று மாஸ்டர் கேட்டார். எங்கள் டீ ஆறுவதற்குள் நீ எடுத்து வரிசையாக வைத்துவிட்டாய். அவர் ஒன்றிலிருந்து பதினேழு வரை தட்டிக்கொண்டே போனார். அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் நீ பள்ளிக்கு வந்தாய், தலைக்கு எண்ணெய் வைத்து, பெண் பார்க்கப் போகிறவன்போல.

உனக்கு இசைக் குறிப்பு படிக்க வராது. மாஸ்டர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் நீ சாக்பீஸால் போடுகிற அடையாளங்களையே உனக்குத் தாளில் எழுதித் தந்தார். டிக் என்றால் அடி. வட்டம் என்றால் மெதுவாக அடி. பெருக்கல் குறி என்றால் அடிக்காதே. எங்கள் ஆறு பேரில் ஒருநாளும் தப்படிக்காதவன் நீதான். நாங்கள் ஐந்து பேரும் தாளைப் பார்த்துக்கொண்டிருப்போம். நீ கிண்ணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாய்.

சேத்தியாத்தோப்பில் நம் முதல் கச்சேரி நினைவிருக்கிறதா? சந்தைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம். கயிற்றில் தொங்கும் பீஸ் கட்டைகள், செருப்பால் அறையும் வடிகால் குழாய்கள், உன் பதினேழு கிண்ணம், மூலையில் என் முரசு. முதல் உருப்படி முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்கே வந்து, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார். இரண்டாவது உருப்படியில் வரும் நீண்ட மௌனத்தில் யாரோ கரண்டு போய்விட்டது என்று கத்த, மைக் செட்டுக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஓர் அம்மா உன்னிடம் வந்து கிண்ணத்தை ஜோடியாகத் தருவீர்களா, தனியாகவும் தருவீர்களா என்று விசாரித்தாள். "விக்கறதுக்கு இல்லம்மா, இது வாசிக்கறது" என்றாய் நீ. ஊர் திரும்பும் வரை பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வாசிக்கறது என்ற சொல்லை முதல்முறையாக உன் வாயால் சொன்ன கூச்சம் உன் முகத்தில் இருந்தது. நான் அதையும் கேலி செய்தேன்.

இனி அந்த நாள்.

பள்ளியின் ஆண்டு விழா, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். சென்னையிலிருந்து இரண்டு பேர் கேட்க வருகிறார்கள், பிடித்துப்போனால் அங்கே ஒரு பெரிய விழாவில் வாசிக்கக் கூப்பிடுவார்கள் என்று மாஸ்டர் ஒரு மாதமாகச் சாப்பாடே இறங்காமல் திரிந்தார். அவருடைய உருப்படி முழுவதும் ஒன்பதாம் கிண்ணத்தைச் சுற்றித்தான். மற்ற கிண்ணங்கள் அதன் பக்கம் வரும், தொடாமல் விலகும். கடைசியில் நீ அதை ஒரே ஒரு தட்டுத் தட்டுவாய். அது அடங்கிய பின் நாற்பது எண்ணிக்கை மௌனம். பிறகு என் முரசில் ஓர் அடி. அதோடு முடிவு. அன்று காலை ஒத்திகையில் ஒன்பதாம் கிண்ணம் ஒலித்த ஒலியை மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். நான்கூடக் கேட்டேன், அல்லது கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நீ கிண்ணங்களை வைக்கோலில் சுற்றி ஆட்டோவில் அடுக்கினாய். ஒன்பதாவதை மட்டும் என் மடியில் வைத்தாய். "சாமியே வந்து பால் கேட்டாலும் இதுல ஊத்தாத" என்று சொல்லிவிட்டு, மேடையைப் பார்க்க நீ முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டாய்.

சாமி கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் பீடி வாங்க நிறுத்தினார். நான் டீக்கடையில் இறங்கினேன். தெரிந்த முகம் நாலைந்து இருந்தது. நாலைந்து முகம் இருந்தால் எனக்கு வாய் நிற்காது என்பது உனக்குத் தெரியாதா? கையில் என்ன ரைட்டரே என்றார்கள். வெளிநாட்டு வாத்தியம் என்றேன். இதில் என்ன வாசிப்பீர்கள் என்றார்கள். முதலில் இதில் டீ குடிக்க வேண்டும், அப்போதுதான் சுதி சேரும் என்றேன். கடைக்காரர் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். எல்லோரும் சிரிக்கச் சிரிக்கக் குடித்தேன். குடித்துவிட்டு, நீ கண்டுபிடிக்கக் கூடாதே என்று, சூடு ஆறுவதற்குள் அங்கிருந்த தண்ணீர் வாளியில் முக்கினேன்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னது. எறும்பு சொடக்குப் போட்டதுபோல. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. துண்டால் துடைத்து வைக்கோலில் சுற்றினேன். என் வாழ்நாளில் நான் சரியாகக் கேட்ட ஒரே சத்தம் அதுதான், அப்பனே.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசித்தோம். சென்னைக்காரர்கள் முன்வரிசையில். இருபது நிமிஷம் ஒரு பிழை இல்லை. கடைசியில் நீ ஒன்பதாம் கிண்ணத்தை வழக்கம்போல இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டினாய். எனக்கு எல்லாச் சத்தமும் போலத்தான் அதுவும் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நீ மட்டும் அசையாமல் இருந்தாய். பிறகு, ஒத்திகையில் இல்லாதபடி, அதை மறுபடி ஒருமுறை மெதுவாகத் தட்டினாய். தலையைச் சாய்த்துக் கேட்டாய். உன் கண் மாஸ்டர் பக்கம் போயிற்று. அதற்குள் உன் இடது கை தன் வேலையைச் செய்துவிட்டது.

இடப்பக்கம் அங்கே தொட்டி இல்லை. மேடைத் தரைதான் இருந்தது.

மண்டபம் அப்படி அதிர்ந்ததை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. பிறகு அப்படி ஓர் அமைதி. நான் முப்பத்தெட்டில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முரசை அடிக்கவே இல்லை. நீ உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது சென்னைக்காரர்கள் இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து ஊரே தட்டியது. நம் குழுவுக்கு ஊர் மனசாரத் தட்டியது அன்று ஒருநாள்தான்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டருக்கு முகம் வெளுத்திருந்தது. ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டார். "கீறல் உழுந்துடுச்சி மாஸ்டர். சத்தம் அடைச்சிப் போச்சி" என்றாய். அவர் ஓடுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உடைந்த பிறகு எது பழைய கீறல், எது புதிது என்று யாரால் சொல்ல முடியும்? காலையில் நானே கேட்டேனே, சுத்தமாக இருந்ததே என்றார். மற்ற நாலு பேரையும் கேட்டார். வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். கடைசியில் என்னிடம் வந்தார், நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், எங்கேயாவது இடித்ததா என்று.

இடிக்கவில்லை என்றேன். அது உண்மை. பத்திரம் எழுதி எழுதிப் பழகியவன், பொய் சொல்லாமல் உண்மையை மறைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நீ என்னைப் பார்க்கவில்லை. உன் கையைத்தான் பார்த்தாய். "அப்ப நான் நல்லத ஒடைச்சிட்டனா?" என்றாய். யாரையும் கேட்கவில்லை. அதனால் நான் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது.

மறு வாரம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது, ஒரு நிபந்தனையோடு. கடைசியில் கிண்ணம் உடைய வேண்டும். அதுதான் அவர்களை உலுக்கிவிட்டதாம். மாஸ்டர் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "தெரியாம ஒருவாட்டி ஒடைச்சிட்டேன். தெரிஞ்சே எப்பிடி மாஸ்டர் ஒடைப்பேன்?" என்று கேட்டுவிட்டு, உன் புளியங்குச்சியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனாய். அதன் பிறகு வேப்ப மரத்தடிக்கு நீ வரவே இல்லை.

உன் இடத்தில் நின்று சென்னையில் கிண்ணத்தை உடைத்தது யார் என்று நீ கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நான்தான். ஏசி அரங்கம், அழகாக உடுத்திய ஜனம். நல்ல கிண்ணம், நான் அறிந்தே நல்ல கிண்ணம், ஓங்கிப் போட்டேன். எழுந்து நின்று தட்டினார்கள். குனிந்து வணங்கினேன். மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. ஊர் திரும்பியதும் குழுவைக் கலைத்துவிட்டார். கொஞ்ச நாளில் பள்ளியையும் மூடிவிட்டுப் புதுச்சேரிக்கே போய்விட்டார். அவர் கண்ணை மூடிக் கேட்டதற்கு யாரும் தட்டவில்லை, உடைந்ததற்குத் தட்டினார்கள். அந்த ஆளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

நான் இதோடு நின்றிருக்கலாம். உள்ளூர் மாத இதழில் பக்கம் நிரப்புகிறவனுக்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் நிற்பானா? எழுதினேன். உன் பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் ஊருக்குத் தெரியாதா என்ன? தொழிற்சாலைக் காதோடு மேடையேறி, நல்ல கிண்ணத்தை உடைத்துக் கைதட்டு வாங்கிய ஒருவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். சலூனில் படித்துச் சிரித்தார்கள். உன் ஷெட்டிலும் படித்தார்கள். அதன் பிறகு நீ குச்சியை எடுக்கும்போதெல்லாம், "மாமா, பாத்து, அது நல்லதா இருக்கப் போவுது" என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்களாம். நீயும் சிரித்தாயாம். பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு தட்டினாய். பிறகு மூன்று. தாங்கிக்கும் போகாமல் தொட்டிக்கும் போகாமல் நடுவில் கிண்ணங்கள் மலையாகக் குவிந்தன. ஒருநாள் நீயே மேனேஜரிடம் போய், காது சரியில்லை, வைக்கோல் சுற்றும் வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாய். இதை எனக்குச் சொன்னது உன் மனைவி, காய்கறி மார்க்கெட்டில், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே. "வூட்டுல டம்ளர் உழுந்தாகூட, சத்தம் சரியா கேட்டுச்சான்னு என்னைய கேக்குறாருங்க" என்றாள்.

அன்றே வந்து சொல்லியிருக்கலாம். வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்திருந்தாய். ஏதோ ஒரு வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்படி எத்தனை முறை வந்தேன், எத்தனை கதை சொன்னேன். ஊரில் அத்தனை கதை இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

வைக்கோல் தூசியோ, அதற்கு முன்பே நெஞ்சில் சேர்ந்த பீங்கான் தூளோ, உனக்கு இருமல் வந்து நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தது ஒரு மத்தியானம். உன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ எவர்சில்வர் டம்ளரை வைத்தார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பானால் அதன் அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்லியிருப்பாய். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாய்.

"ரைட்டரே, அன்னிக்கி நீ எம்பக்கத்துலதான நின்ன? உனக்கு எப்பிடி கேட்டுச்சி?"

ஆறு வருஷமாக நீ சுமந்த கேள்வி. வார்டில் நம்மைத் தவிர யாருக்கும் அது புரியப் போவதில்லை. டீ குடித்தேன், தண்ணீரில் முக்கினேன், டிக் என்றது, உன் காது சரி. பத்துச் சொல்கூட இல்லை. வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா?

"எனக்கு என்னிக்கியா காது கேட்டுச்சி? நான் எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றேன்.

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நாலாம் நாள் தகவல் வந்தது.

இருபது வருஷத்தில் நீ நல்லதை உடைத்ததே இல்லை. அன்றும் உடைக்கவில்லை. ஊரிலேயே, ஒருவேளை நாட்டிலேயே, இரண்டாவது தட்டில் அந்தக் கீறலைக் கேட்ட காது உன்னுடையது. இதை இப்போது எழுதுகிறேன். கேட்க வேண்டிய காது மண்ணில் இருக்கிறது. இனி இதை யாரிடம் சொன்னாலும் அது இன்னொரு கதை, அவ்வளவுதான். படிக்கிறவர்கள் டீ குடித்த இடத்தில் சிரிப்பார்கள். எழுதும்போது நானே அந்த இடத்தில் லேசாகச் சிரித்தேன். என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"என்னங்க, கட்டைய கையில வெச்சிக்கிட்டு இன்னும் என்னா பண்றீங்க?" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வருகிறது. மின்விசிறி இல்லாத வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. இப்படி எங்காவது சத்தம் நின்றுவிட்டால், கோயிலில், ஆபீசில், சாவு வீட்டில், எனக்குள் எண்ணிக்கை தானாக ஆரம்பித்துவிடும். முதலிலிருந்து இல்லை, விட்ட இடத்திலிருந்து. முப்பத்தொன்பது என்கிறேன். நாற்பது சொல்லி முரசை அடிக்கக் கை எழவில்லை.